ஆளை நகர்த்திவிட்டு எடுத்த பச்சை

கோல்ஃப் மைதானத்துக்குள் கால் வைத்தவர்கள் நம்மில் மிகச் சிலர். ஆனால் கோல்ஃப் மைதானத்தின் படத்தைப் பார்க்காதவர்கள் அநேகமாக யாரும் இல்லை. பேங்க் காலண்டரில், பல் டாக்டரின் வரவேற்பறையில், புறநகர் பிளாட் விளம்பரத்தில், கம்ப்யூட்டர் திரையில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. அலையலையாகப் பச்சை, ஒரு மூலையில் வெள்ளை மணல், நடுவில் சின்னதாக ஒரு கொடி, தூரத்தில் பனிமூட்டம். ஆள் யாரும் இல்லை. பார்க்கிறவருக்கு ‘அப்பாடா’ என்றிருக்கிறது. இந்த ‘அப்பாடா’ எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

கவிதையை, நாவலை, சினிமாவை நாம் கட்டவிழ்த்துப் பார்த்திருக்கிறோம். கதையில் சேரி எங்கே வருகிறது, சேரிப்பெண் எப்படி வருகிறாள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். நிலக்காட்சிப் படத்தை மட்டும் ‘இயற்கைதானே’ என்று விட்டுவிட்டோம். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவன் என்கிற முறையில் எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்தல். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஏற்காட்டில் பேர்பெற்ற கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனால் கோல்ஃப் மைதானத்தைப் படம் பிடிக்கிற கண் எங்கள் மலைக்கு எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. அந்தக் கண்ணைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

1

அழகான கோல்ஃப் படம் தானாக வருவதில்லை. அதற்குச் செய்முறை இருக்கிறது. தொழில் தெரிந்த எந்தப் படக்காரரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார்.

முதலில் நேரம். சூரியன் உச்சிக்கு வந்தால் புல்வெளி தட்டையாகிவிடும், மேடுபள்ளம் தெரியாது. அதனால் விடிந்த ஒரு மணி நேரம், அல்லது பொழுது சாய்வதற்கு முந்தின ஒரு மணி நேரம். வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் கிடைக்கும். தரையை அலையாகக் காட்டுவது அந்த நிழல்தான். அடுத்தது உயரம். தரையில் நின்று எடுத்தால் புல் வெறும் கோடு. ஏணி போட வேண்டும், மாடி ஏற வேண்டும். ஒருகாலத்தில் ஹெலிகாப்டர், இப்போது ட்ரோன். மூன்றாவது நிறம். புல்லிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தைக் குறைக்க லென்சுக்கு முன்னால் போலரைசர் கண்ணாடி மாட்டுவார்கள். 1990இல் ஃப்யூஜி கம்பெனி வெல்வியா என்கிற ஸ்லைடு பிலிமைக் கொண்டுவந்தது. பச்சையை இருக்கிற பச்சையைவிடக் கூடுதலாகக் காட்டும் பிலிம் அது. நிலக்காட்சி எடுக்கிறவர்கள் அதைத்தான் தேடி வாங்கினார்கள். இன்றைக்கு அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது.

நான்காவதுதான் நமக்கு முக்கியம்: சுத்தம். மணல் குழியைச் சீவிக் காலடித் தடம் இல்லாமல் ஆக்க வேண்டும். தண்ணீர் ஹோஸ், தள்ளுவண்டி, வாளி, மண்வெட்டி எதுவும் சட்டகத்துக்குள் இருக்கக் கூடாது. ஆட வருகிறவர்கள் வருவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். சரி, வேலையாட்கள்? அவர்கள் எல்லாருக்கும் முந்தி வந்தவர்கள். இருட்டோடு வந்து புல் வெட்டி, மணல் சீவி, குழி மாற்றிக் கொடி நட்டவர்கள். படத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகு அவர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அங்கிருந்து போய்விடுவது.

இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், ஏற்காட்டுக்கு விளம்பரப் படம் எடுக்க வந்த ஒரு குழுவுக்கு எடுபிடியாகப் போனேன். இடம் ஒரு விடுதி. முன்னால் வெட்டிச் சீராக்கிய புல்வெளி, சரிவாக இறங்கிப் பள்ளத்தாக்கின் விளிம்பில் முடியும். கோல்ஃப் மைதானம் மாதிரி வரணும் என்றுதான் விடுதிக்காரர்கள் கேட்டிருந்தார்கள். நான் வெளிச்சத்தைத் திருப்புகிற வெள்ளைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரிவுக்குக் கீழே வேலியோரமாக நாலு பொம்பளைங்க களை கொத்திக்கொண்டிருந்தார்கள். “தம்பி, அந்த அம்மாங்களக் கொஞ்சம் அந்தாண்ட போகச் சொல்லுப்பா, ஃப்ரேம்ல வர்றாங்க” என்றார் படக்காரர். மரியாதையாகத்தான் சொன்னார். நான் போய்ச் சொன்னேன். அதில் ஒருத்தி எனக்குச் சின்னம்மா முறை. “ஏங்கண்ணு, நாங்க இருந்தா போட்டோ கெட்டுப் போயிருமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு நாலு பேரும் போய் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. களை முடியவில்லை என்று சாயங்காலம் மேஸ்திரி அவர்களை ஒரு மணி நேரம் கூடுதலாக நிறுத்தி வேலை வாங்கினார்.

அந்தப் படக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சாதி பார்த்துச் சொல்லவில்லை, ஃப்ரேம் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அந்த ஃப்ரேம் யார் பார்த்து வகுத்தது? பகலில் எதிரே வந்தாலே தீட்டு, இரவில்தான் நடமாட வேண்டும் என்று திருநெல்வேலிப் பக்கத்தில் புரத வண்ணார்களை வைத்திருந்ததைப் பற்றி 1930களின் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. அவர்கள் வெளுத்த துணி வேண்டும், வெளுத்தவர் கண்ணில் படக் கூடாது. தீண்டாமையை நாம் தொடுவது, தொடாதது என்றே பேசிப் பழகிவிட்டோம். காணாமை என்று ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. வேலை கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆள் தெரியக் கூடாது. இருட்டோடு வந்து பொழுது விடிவதற்குள் மறைந்துவிடுகிற புல்வெட்டியின் கதை அங்கே கிடக்கிறது. இதை வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்துத்தான் நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொண்டார்கள் என்று நான் நம்பவில்லை.

2

‘படம் மைதானத்தைப் பற்றியது, மனிதர்கள் வந்தால் கவனம் சிதறும்’ என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். நியாயம் மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் கோல்ஃப் படங்களைக் கொஞ்சம் அதிகமாகப் புரட்டிப் பாருங்கள். மனிதர்கள் வருகிறார்கள். கழியை ஓங்கி அடித்து முடித்த நிலையில் வானத்துக்கு எதிரே ஓர் உருவம். பாலத்தின் மேல் நடந்துபோகிற இரண்டு பேர். அளவு தெரிவதற்காக அவர்களை வைப்பதாகச் சொல்வார்கள். ஆடுகிறவன் வந்தால் அளவு, வேலை செய்கிறவள் வந்தால் இடைஞ்சல்.

உலகத்திலேயே அதிகம் படம் பிடிக்கப்பட்ட கோல்ஃப் மைதானங்களில் ஒன்று அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா. 1934 முதல் மாஸ்டர்ஸ் என்கிற போட்டி அங்கே நடக்கிறது. அதற்கு முன்னால் அது ஒரு நாற்றுப்பண்ணை. ஒவ்வொரு குழிக்கும் ஒரு பூவின், மரத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1982 வரை அங்கே ஆட வருகிறவர் அந்த க்ளப்பின் கேடிகளைத்தான் பை தூக்க வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேடிகள் எல்லாரும் கறுப்பர்கள், எல்லாருக்கும் வெள்ளை அங்கி. மாஸ்டர்ஸில் ஒரு கறுப்பர் முதன்முதலாக ஆட்டக்காரராக இறங்கியது 1975இல், லீ எல்டர். க்ளப்பில் ஒரு கறுப்பர் முதல்முறையாக உறுப்பினரானது 1990இல். அசேலியாப் பூ சிவந்து கிடக்கிற அந்தப் பிரசித்தமான படங்களைப் பார்த்து இந்தக் கதையில் ஒரு வரியைக்கூடத் தெரிந்துகொள்ள முடியாது. தெரிந்துகொள்ள முடியாமல் இருப்பதுதான் அந்தப் படங்களின் வெற்றி.

நம் நாட்டில் என்ன நிலவரம்? கோல்ஃப் இங்கே வந்து இருநூறு வருஷம் ஆகப்போகிறது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே முதல் கோல்ஃப் க்ளப் 1829இல் கல்கத்தாவில்தான் தொடங்கினார்கள். இங்கேயும் பை தூக்குகிறவர் ஏழை வீட்டுப் பையன்தான். பை தூக்கிக்கொண்டே ஆட்டத்தைக் கண்ணால் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓபன் போட்டியில் ஜெயித்தார். பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009இல் அதே போட்டியில் ஜெயித்தார். பை தூக்கினவரைக்கும் படத்துக்கு வெளியே இருந்தவர்கள், கோப்பையைத் தூக்கினதும் படத்துக்கு நடுவில் வந்தார்கள். நல்லதுதான். ஆனால் கோப்பை வாங்காத கேடிகளை எங்கே தேடுவது?

2017 ஜூனில் டெல்லி கோல்ஃப் க்ளப்புக்கு விருந்தினராகச் சாப்பிட வந்த காசி பழங்குடிப் பெண் ஒருவரை வெளியே போகச் சொன்னார்கள். அவர் உடுத்தியிருந்தது ஜெயின்செம் என்கிற அவர்களுடைய மரபுடை. வேலைக்காரி உடுப்பு மாதிரி இருக்கிறது என்று சொன்னதாகச் செய்திகளில் வந்தது. நாடே அதைப் பற்றிப் பேசிற்று. அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். வேலைக்காரி அங்கே இருக்கலாம், சமையலறையில், புல்வெளியில், கழிப்பறையில். மேசையில்தான் இருக்கக் கூடாது. ஃப்ரேமில் வரக் கூடாது என்பதும் இதுவும் வேறு வேறு விஷயம் இல்லை.

3

இந்தப் புல்வெளிகள் யாருடைய மண்ணில் விரிந்தவை என்பது இன்னொரு கேள்வி. ஊட்டி கோல்ஃப் மைதானம் இருக்கிற வென்லாக் டவுன்ஸ், 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த துரையின் பெயரைச் சுமக்கிறது. நீலகிரியின் புல்வெளிகளில் அதற்கு முன்னால் மேய்ந்தவை தோடர்களின் எருமைகள். கொடைக்கானல் கோல்ஃப் க்ளப் 1895இல் தொடங்கியது. இந்த வருஷங்களைப் பார்க்கும்போது நம்மவர்களுக்கு வேறொரு வருஷம் ஞாபகம் வர வேண்டும். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில் பஞ்சமர்களுக்கு நிலம் ஒதுக்கச் சொல்லி ஆணை வந்தது 1892இல். துரைமார்கள் மலையில் பந்து அடிக்கத் தரை சமன்படுத்திக்கொண்டிருந்த அதே சில வருஷங்களில்தான், சமவெளியில் நமக்குக் காகிதத்தில் நிலம் கொடுத்தார்கள். மலைப் புல்லின் படம் காலண்டருக்கு வந்தது. பஞ்சமி நிலம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. அதைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

கிண்டியில் குதிரைப் பந்தய மைதானத்துக்கு நடுவிலேயே கோல்ஃப் ஆடினார்கள். 1945இலிருந்து 99 வருஷக் குத்தகை. 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கரை எடுத்துக்கொண்டது. சென்னை மாதிரி ஒரு நகரத்துக்கு நடுவில் அவ்வளவு பெரிய பச்சை இத்தனை காலம் பெரிய கேள்வியில்லாமல் இருக்க முடிந்ததற்குச் சட்டக் காரணம் ஆயிரம் இருக்கலாம். பச்சையாக, அழகாக, காலியாக இருந்தது என்பதும் ஒரு காரணம். குடிசை போட்ட நிலத்தை ஆக்கிரமிப்பு என்பார்கள். புல் போட்ட நிலத்தைப் பசுமை என்பார்கள்.

4

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். இங்கே கேமரா வந்த கதை கோல்ஃபுக்கும் பழசு.

லின்னேயஸ் ட்ரைப் என்கிற ராணுவக் கேப்டன் 1856 முதல் 1860 வரை சென்னை மாகாண அரசின் படக்காரராக இருந்தார். கோயில்கள், கோட்டைகள், பாறைகள் என்று எடுத்துத் தள்ளினார். ராயக்கோட்டையையும் சேலம் ஜில்லாவின் வேறு சில இடங்களையும் பற்றி ஒரு தொகுதியே 1858இல் வெளியானது. காகித நெகட்டிவ், வெளிச்சத்தை ரொம்ப நேரம் வாங்க வேண்டும், அசைந்தால் கலைந்துவிடும். அதனால் அந்தப் படங்களில் கல் நிற்கிறது, மரம் நிற்கிறது, சனங்கள் அநேகமாக இல்லை. அன்றைக்கு அதற்குக் கருவியின் குறை ஒரு காரணம். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் பறவையின் இறக்கையை நிறுத்துகிற கேமரா வந்த பிறகும் ஆள் வரவில்லை என்றால், குறை கருவியில் இல்லை.

இன்னொரு பக்கம் எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகளைப் பற்றியும் எழுதினார். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. மண்டை அளந்தார், மூக்கு அளந்தார், படம் எடுத்தார். அந்த மாதிரிப் படங்களில் ஆள் இருக்கிறான். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அவனுக்குப் பின்னால் அவன் உழுத சாமைக்காடு இல்லை, வீடு இல்லை, மலை இல்லை.

நிலம் தனியாக ஒரு படம், ஆள் தனியாக ஒரு படம். இந்த இரண்டு வகைப் படமும் சேர்ந்து செய்த வேலை பெரிய வேலை. அந்த நிலத்துக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் இருந்த ‘உடைய’ என்கிற உறவை வெட்டிவிட்டது. நிலம் வெறும் காட்சி ஆனது, ஆள் வெறும் மாதிரி ஆனான். இன்றைக்கும் ஏற்காட்டைப் பற்றிய சுற்றுலாப் படங்களில் இந்த இரண்டு வகையும் அப்படியே இருக்கின்றன. ஒரு பக்கம் பனி மூடிய பள்ளத்தாக்கு, ஏரி, புல்வெளி. இன்னொரு பக்கம் மேடையில் ஆடுகிற பழங்குடிக் குழு, சிரித்த முகம் மட்டும் பெரிதாக. நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ வாழவந்தியிலோ தன் மிளகுக்கொடிக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு மலையாளிப் பெண்ணை அந்தப் படங்களில் எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள்?

ஏற்காட்டில் பார்க்க வேண்டிய இடங்களின் பெயரைக் கேளுங்கள். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட். உட்கார்ந்து பார்க்கிற மூன்று இருக்கைகள். துரைசாணி, துரை, அவர்கள் பிள்ளைகள். மலையே ஒரு திண்ணையாகிவிட்டது. அந்த இருக்கையிலிருந்து கீழே சேலம் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும், வளைந்து வளைந்து ஏறுகிற கொண்டைஊசிச் சாலை தெரியும். அந்தச் சாலைக்குக் கல் உடைத்தவர் தெரிய மாட்டார். கோல்ஃப் படத்தின் கோணமும் இந்த இருக்கையின் கோணம்தான். மேலே இருந்து, தூரத்தில் இருந்து, உட்கார்ந்து.

காப்பித் தோட்டத்தில் இது இன்னும் மோசமாக நடக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலையில் காப்பி கொண்டுவந்தார் என்று எல்லா வழிகாட்டிப் புத்தகமும் எழுதும். குழி வெட்டி நட்டது யார் என்று எழுதாது. காப்பிச் செடி நிழலில் வளர்வது. மேலே சில்வர் ஓக்கும் மற்ற மரங்களும் நிற்கும், அவற்றில் மிளகு ஏறியிருக்கும், அடியில்தான் காப்பி. ட்ரோனை மேலே அனுப்பினால் தெரிவது மரங்களின் தலை மட்டும். தோட்டம் அடர்ந்த காடு மாதிரித் தெரியும். கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பழம் பறிக்கிற பொம்பளைங்க அந்த மரங்களுக்குக் கீழேதான் இருக்கிறார்கள். மேலே இருந்து எடுக்கிற படத்துக்கு அவர்களை நகரச் சொல்லக்கூட வேண்டியதில்லை. சம்பளத்துக்குப் பிடித்து வைத்த தோட்டம், யாருமே தொடாத இயற்கை என்று காலண்டரில் ஏறிவிடும்.

நிறத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் மலைக்குப் பச்சை மாத்திரம் நிறம் இல்லை. மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பாக்சைட் வெட்டிக்கொண்டு போனது இந்தச் சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும்தான். வெட்டின இடம் செக்கச்செவேல் என்று கிடக்கும். வெல்வியா பிலிம் பச்சையைக் கூட்டிக் காட்டிய காலத்தில், அதே மலையின் இந்தச் சிவப்பு அழகுப் படம் எதிலும் ஏறவில்லை.

5

படத்தை வேறு விதமாகப் படிக்கவும் முடியும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது என் அம்மா.

அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பழம் பறித்துப் பறித்து முதுகு போன பிறகு கொஞ்ச வருஷம் ஒரு விடுதியில் புல் வேலை பார்த்தாள். ஒரு நாள் காலண்டரில் இருந்த கோல்ஃப் மைதானத்தைக் காட்டி, இது எப்படி இருக்குதும்மா என்று கேட்டேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மெஷின்ல வெட்டுனது கண்ணு. இப்பிடிக்கா ஒருவாட்டி போயிட்டு அப்பிடிக்கா திரும்பி வந்திருக்கறான் பாரு. இந்த மூலைய கையில கத்திரிச்சிருக்காங்க, மெஷின் இங்க திரும்பாது. காலம்பறயே தண்ணி வுட்டிருக்காங்க.”

அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. கோல்ஃப் படத்தில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகப் பட்டை பட்டையாகத் தெரிகிறதே, அது இரண்டு வகைப் புல் இல்லை. வெட்டுகிற மெஷின் ஒரு திசையில் போகும்போது புல் நம்மை விட்டு அந்தப் பக்கம் சாய்கிறது, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது, வெளுப்பாகத் தெரிகிறது. திரும்பி வரும்போது நம்மைப் பார்த்துச் சாய்கிறது, கறுத்துத் தெரிகிறது. ஒவ்வொரு பட்டையும் ஒரு ஆள் மெஷினோடு நடந்த தடம். குழி இருக்கிற இடத்தில் புல் சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் அநேகமாகத் தினமும் வெட்ட வேண்டும். ஆளை எவ்வளவு நகர்த்தினாலும் அவன் கால் நடந்த கணக்கைப் படத்திலிருந்து எடுக்க முடியவில்லை. எடுத்தால் அந்த அழகே போய்விடும்.

மேல்தட்டு விமர்சகர்கள் இதே படத்தைப் பார்த்து ஒளி, அமைதி, வெளி, தியானம் என்று எழுதுவார்கள். அம்மா பார்த்தது வேலை. எது அழகியல் என்று இனி நாம் சண்டை போட வேண்டியதில்லை. எந்தப் பார்வைக்கு அதிகம் தெரிகிறது என்று மட்டும் கேட்டால் போதும். வேலை தெரிந்தவரின் கண்ணுக்குத்தான் படம் முழுசாகத் தெரிகிறது. தலித் அழகியல் என்று நாம் சொல்வதற்கு இப்படி ஒரு அர்த்தமும் இருக்கட்டும்.

6

‘ஒரு படம்தானே, இதற்கு இவ்வளவா’ என்று கேட்கிற தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காலியாகக் காட்டிய நிலத்தைக் காலி என்று நம்புவது சுலபம். நம்பிய பிறகு அதை வாங்குவது, வளைப்பது, வேலி போடுவது இன்னும் சுலபம்.

2006இன் வன உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? பழங்குடியாக இருந்தால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அந்த வனநிலத்தில் இருப்பதைக் காட்ட வேண்டும். பழங்குடி அல்லாத மற்ற பாரம்பரிய வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், இருந்ததைக் காட்ட வேண்டும். தலித்துகள் இந்த இரண்டாவது கணக்கில் வருவார்கள். அரசு ஆவணம், கெசட்டியர், வரைபடம், செயற்கைக்கோள் படம், வீடு மாதிரிக் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளங்கள், பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாம் சாட்சியமாகும். செயற்கைக்கோள் என்பது எல்லா ட்ரோனுக்கும் மேலே நிற்கிற ட்ரோன். மரத்துக்குக் கீழே இருக்கிற ஆளை அது காட்டாது. நம் ஆட்கள் அந்த மண்ணில் நின்றார்கள் என்பதற்கு நம்மிடம் என்ன படம் இருக்கிறது?

தோட்டத்து லயன்களின் நிலைமை இன்னும் இடுக்கு. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளி வீடு கொடுக்க வேண்டும் என்றது. வீடு வேலையோடு கட்டியது. வேலை போனால் வீடு போகும். பட்டா கிடையாது. மூணு தலைமுறை பிறந்து செத்த இடத்தில் எங்கள் பெயர் இருப்பது தோட்டத்துச் செக்ரோலில் மட்டும். தோட்டம் விடுதியாகவும் வில்லா மனையாகவும் மாறுகிறபோது முதலில் வருவது புல்டோசர் இல்லை, படக்காரர். விளம்பரப் படத்தில் லயன் இருக்காது. படத்தில் இல்லாத லயன் கொஞ்ச நாளில் தரையிலும் இருக்காது.

அப்படியானால் என்ன செய்வது? வறுமையைப் படம் எடுப்பதா? அதுவும் வேண்டாம். சுருக்கம் விழுந்த முகம், ஒடுங்கின வயிறு, கறுப்பு வெள்ளை, போட்டியில் பரிசு. அது தர்ஸ்டன் வேலையின் இன்னொரு பதிப்புதான். முகம் இருக்கும், மண் இருக்காது, பெயர் இருக்காது. படம் பற்றி நம் முன்னோர்களுக்கு நல்ல தெளிவு இருந்தது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து விடுதலைக்குப் போராடிய ஃப்ரெடரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டில் மிக அதிகமாகப் படம் எடுக்கப்பட்டவர்களில் ஒருவர். சிரித்துக்கொண்டு நிற்கிற அடிமை என்கிற பொய்க்குப் பதிலாகவே அவர் கேமரா முன்னால் போய் விறைப்பாக உட்கார்ந்தார். கோட்டும் சூட்டுமாக அம்பேத்கர் நிற்கிற படம் நம் ஒவ்வொரு வீட்டிலும் ஏன் இருக்கிறது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த நிமிர்வை மண்ணோடு சேர்த்து எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

கேமரா இன்றைக்கு நம் பிள்ளைகள் சட்டைப்பையில் இருக்கிறது. ஆளும் நிலமும் ஒரே சட்டகத்தில் வர வேண்டும். தரையில் நின்று, ஆளின் கண் உயரத்தில் எடுக்க வேண்டும். பகல் பன்னிரண்டு மணி வெயிலானாலும் பரவாயில்லை, வேலை நடக்கிற நேரம் அதுதான். கையில் இருக்கிற கருவி தெரிய வேண்டும். அவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் பெயர், ஊர், தேதி, எத்தனை வருஷமாக அந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பதைப் படத்துக்குப் பின்னால் எழுத வேண்டும். ஒரு பிரதியை அவர்களிடமே கொடுக்க வேண்டும். ஒரு பிரதி கிராம சபைப் பதிவோடு இருக்கட்டும். நிலக்காட்சிப் படம் எடுக்கிற தோழர்கள் அழகை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புல்வெட்டி அங்கே நிற்கும்போதே எடுங்கள். படம் கெடுகிறதா என்று பார்க்கலாம்.

பழம் பறிப்பு கார்த்திகையில் ஆரம்பிக்கும். நாகலூர்ப் பக்கத்து லயன்களில் இப்படி எடுத்துத் தொகுக்கிற வேலையை இந்தப் பருவத்தில் தொடங்க நாலைந்து பேராகப் பேசி வைத்திருக்கிறோம். சேலம், தருமபுரிக் கல்லூரிகளில் படிக்கிற மாணவத் தோழர்கள் இரண்டு மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே வந்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.